மனோரி கடற்கரைப் பாறை 4.5 மீட்டரில் இருக்கிறது. அப்படியானால் பழைய கடல்மட்டம்?

மாஹிம்_மாணவி:
வணக்கம். எம்.எஸ்சி. நிலவியல் திட்டப்பணிக்காக மும்பையின் மனோரி பக்கம் சிப்பி ஓடும் மணலும் சேர்ந்து இறுகிய கடற்கரைப் பாறையை அளக்கிறேன். ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணையை வைத்து, நீர் ஏறி நின்ற கோட்டிலிருந்து மட்டம் எடுத்தபோது பாறையின் மேல் விளிம்பு 4.5 மீ என்று வந்தது. பாறையிலுள்ள ஒரு சிப்பி ஓட்டை ரேடியோகார்பனுக்கு அனுப்பி, "அந்தக் காலத்தில் கடல் 4.5 மீ உயரத்தில் இருந்தது" என்று எழுதலாமா? பக்கத்து மணல்மேட்டுக்கு ஓஎஸ்எல் (மணல்மணி கடைசியாக வெயில் பட்ட காலத்தை அளக்கும் முறை) தேதி எடுக்கலாமா? தாணே கழிமுகச் சேற்றில் கோர் (துளையிட்டு எடுக்கும் மண் உருளை) எடுத்தால் இதை உறுதிப்படுத்த முடியுமா?

ஓதமானி:
எழுதுவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. அந்த 4.5 எங்கிருந்து அளந்தது என்று முதலில் பாருங்கள். ஓத அட்டவணையின் பூஜ்யம் சார்ட் டேட்டம் (கடல் வரைபடங்களின் அடிமட்டம், ஏறக்குறைய மிகத் தாழ்ந்த ஓதத்தின் மட்டம்), சராசரி கடல்மட்டம் அல்ல. மும்பைத் துறைமுகத்தின் அப்பல்லோ பந்தரில் சராசரி கடல்மட்டமே சார்ட் டேட்டத்துக்கு 2.51 மீ மேலே இருக்கிறது. ஆக உங்கள் பாறை சராசரி மட்டத்துக்கு மேலே 1.99 மீ, அவ்வளவுதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். அமாவாசை, பௌர்ணமி ஓதங்களின் சராசரி உயர்நீர் அங்கே 4.42 மீ, தாழ்நீர் 0.76 மீ. இன்றைய உயர்நீரைவிட உங்கள் பாறை வெறும் 8 செ.மீ. மேலே. பெரிய ஓதம் 5 மீட்டரை நெருங்கும் நாளில் அதன் மேல் தண்ணீர் நிற்கும். கடல் இறங்கியதால் வெளியே தெரியும் பாறை என்று சொல்ல இதுவரை ஆதாரம் ஏதும் இல்லை.

கணக்கு இப்படி: பழைய கடல்மட்டம் = மாதிரியின் உயரம் − அந்த வகைப் பொருள் இன்று உருவாகும் மட்டம். கடற்கரைப் பாறை உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இறுகலாம் என்று வைத்தால் அந்த இடைவெளியின் நடுமட்டம் சராசரி கடல்மட்டத்திலிருந்து +0.08 மீ, இருபுறமும் 1.83 மீ. விடை 1.91 ± 1.83 மீ. அதாவது கடல் 10 செ.மீ. உயர்ந்திருந்தாலும் சரி, மூன்றே முக்கால் மீட்டர் உயர்ந்திருந்தாலும் சரி, இதே பாறை இதே இடத்தில் கிடைக்கும். ஓத வீச்சு அரை மீட்டர் உள்ள கரையில் செல்லுபடியாகும் வாதம் மும்பையில் செல்லாது. இந்தக் கரையில் வேலை செய்பவர்கள் முதல் நாளே மனதில் பதிக்க வேண்டிய விஷயம் இது.

இன்னொன்று: இந்த எண்கள் துறைமுகத்துக்குள் எடுத்தவை. மனோரி திறந்த கடலைப் பார்த்தது. ஒரு பிரஷர் லாகரை (நீரழுத்தத்தைப் பதிந்து நீர்மட்டம் காட்டும் கருவி) குறைந்தது 30 நாள் கட்டிவைத்து உள்ளூர் ஓதத்தை எடுங்கள். காற்றழுத்தத்தைக் கழிக்க மறந்தால் 1 மில்லிபாருக்கு 1 செ.மீ. வீதம் பிழை ஏறும். மழைக்காலத்தில் அது சிறிய தொகை அல்ல. உயரத்தை சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலைக்குறி) ஆட்டோ லெவல் கருவியில் கொண்டுவாருங்கள். ஜிபிஎஸ் தரும் உயரம் பூமிக்குக் கணிதத்தில் வைத்த நீள்கோள வடிவத்திலிருந்து அளந்தது, கடல்மட்டத்திலிருந்து அல்ல. உலக ஜியாய்டு (ஈர்ப்பின்படி கடல்மட்டம் நிற்கும் பரப்பு) மாதிரியை வைத்து அதை மாற்றினால் டெசிமீட்டர் கணக்கில் பிசகலாம்.

செம்பூர்_மணல்:
மேலே சொன்ன ±1.83 மீட்டரைக் குறுக்க வழி இருக்கிறது. மணல்மணிகளை ஒட்டவைத்திருக்கும் இயற்கைச் சிமெண்டைப் பாருங்கள். மாதிரியை உடைக்கும் முன் அதன் மேல்பக்கத்தை அம்புக்குறியிட்டுக் கொள்ளுங்கள். பிறகு எபாக்ஸி பிசின் ஊற்றி, நுண்ணோக்கியில் பார்க்க 30 மைக்ரான் சீவல் போட வேண்டும். மணியைச் சுற்றிச் சமமான தடிப்பில் அரகோனைட் (ஒரு வகைச் சுண்ணாம்புப் படிகம்) ஊசிகள் வளையமாக இருந்தால், துளைகள் எப்போதும் நீரால் நிரம்பியிருந்த இடம். ஓதப்பகுதியின் கீழ்ப்பாதி என்று வைக்கலாம். மணிகள் தொடும் இடத்தில் மட்டும் குழிந்த பாலம் போலவோ, மணியின் அடியில் சொட்டு தொங்குவது போலவோ இருந்தால் நீர் வடிந்து காற்று புகுந்த இடம், மேல்பாதி.

இதை அந்தக் கணக்கில் போடுங்கள். கீழ்ப்பாதி என்றால் பழைய மட்டம் சுமார் 2.87 ± 0.88 மீ. மேல்பாதி என்றால் 1.03 ± 0.96 மீ. பாறை அதே, உயரம் அதே. எந்த விடை என்பதைச் சீவல்தான் சொல்லும். மேலே ஒரு வகை, உள்ளே ஒரு வகை என இரண்டும் அடுக்காக இருந்தால் எது முதலில் படிந்தது என்று பார்த்து, முதல் தலைமுறையை எடுங்கள்.

தேதிக்கு வருவோம். சிப்பியின் தேதி அது செத்த தேதி, பாறை இறுகிய தேதி அல்ல. பழைய ஓடுகள் அலையில் புரண்டு புதுப் பாறையில் சேர்வது வழக்கம். மூன்று நான்கு தனி ஓடுகளைத் தேதியிட்டு, அவற்றில் இளையதை "இதற்குப் பிறகுதான் பாறை இறுகியது" என்று மட்டும் வாசியுங்கள். தேயாத ஓடு, முடிந்தால் இரு மடலும் சேர்ந்தே இருப்பது நல்லது. அனுப்பும் முன் எக்ஸ்ஆர்டி (படிக வகை காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) எடுங்கள்: அரகோனைட் ஓட்டில் கால்சைட் (சுண்ணாம்பின் இன்னொரு படிக வடிவம்) தெரிந்தால் மறுபடிகமாகி இளைய கார்பன் புகுந்திருக்கிறது. பாறைச் சிப்பியில் (ஆளி) இந்தச் சோதனை உதவாது, அதன் ஓடு இயல்பிலேயே பெரும்பாலும் கால்சைட். மட்டி வகை எடுங்கள்.

ரேடியோகார்பன் வயதை ஆண்டுக்கணக்காக்கும் திருத்தத்துக்கு மரைன்20 என்ற கடல்மாதிரி வளைகோடு. பழைய கட்டுரைகளில் மரைன்13க்குக் கணக்கிட்ட உள்ளூர் திருத்த எண்ணை அப்படியே இதில் போடக்கூடாது. இரண்டு வளைகோட்டுக்கும் சுமார் 150 ஆண்டு வித்தியாசம், அந்த அளவுக்குத் தேதி நகர்ந்துவிடும்.

ஓஎஸ்எல் இங்கே சிரமம். பின்னணிப் பாறை முழுக்க பசால்ட், மணலில் பாதி சிப்பித்தூள். குவார்ட்ஸ் மணி போதுமான அளவு தேறாது. ஃபெல்ட்ஸ்பாரை வைத்துச் செய்யலாம். ஆனால் அதில் சேமித்த சமிக்ஞை தானாகவே கசியும். அதை அளந்து திருத்தாவிட்டால் வயது குறைவாக வரும்.

அலையாத்தி:
கழிமுகச் சேறு மனோரி பாறையை "உறுதிப்படுத்தாது". தனியாக ஒரு பதிலைத் தரும், என் கணிப்பில் அதைவிட நல்ல பதிலை. முதலில் வனத்துறையின் அலையாத்திப் பிரிவில் அனுமதி வாங்குங்கள்.

ஆழமான ஒரே கோர் எடுக்க ஆசைப்படாதீர்கள். சேறு தன் எடையால் அமுங்கும், நடுவில் கிடைக்கும் அடுக்கு எல்லாம் படிந்த உயரத்தைவிடக் கீழே இறங்கியிருக்கும். அதை அப்படியே வாசித்தால் கடல் வேகமாக ஏறியது போலப் பொய்த் தோற்றம் வரும். பதிலாக, கரையிலிருந்து ஓடையை நோக்கி ஒரே கோட்டில் கம்பி இறக்கி, அடியில் முறம் (சிதைந்த பசால்ட்) தட்டும் ஆழத்தைக் குறியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் முறத்துக்கு நேர் மேலே இருக்கும் முதல் சில செ.மீ. சேற்றை மட்டும் எடுங்கள். அதன் கீழே அமுங்க ஏதும் இல்லை. இப்படி ஆறேழு ஆழங்களில் எடுத்தால் அதுவே கடல் ஏறிய வளைகோடு.

ரஷ்யன் கோரர் ஒரு முறைக்கு 50 செ.மீ. எடுக்கும், அதன் மூக்கு கீழ்ச்சேற்றைக் கலைப்பதால், அருகே இரண்டாவது துளை போட்டு 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வருமாறு மாற்றி மாற்றி இறக்குங்கள். பாதியாகப் பிளந்த பிவிசி குழாயில் வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி 4 டிகிரியில் வையுங்கள். உறையவைக்காதீர்கள்.

ஃபொராமுக்கு (ஓடுள்ள கடல் நுண்ணுயிர், வகைக்கு வகை வாழும் மட்டம் வேறு) 1 செ.மீ. துண்டு, 500 மற்றும் 63 மைக்ரான் சல்லடை. காயவிடாமல் ஈரத்திலேயே எண்ணுங்கள், மண்துகள் ஒட்டிக் கட்டிய ஓடுகள் காய்ந்தால் நொறுங்கும். 200 எண்ணிக்கையாவது வேண்டும். ட்ரோகாம்மினா இன்ஃப்ளாட்டா என்ற வகை மிகுந்தால் உயர்நீர் மட்டத்தை ஒட்டிய இடம். அம்மோனியா (வாயு அல்ல, ஒரு ஃபொராம் பேரினம்) மிகுந்தால் கீழ்ச் சேற்றுத்தரை. ஒரு பொறி: அலையாத்திச் சேறு அமிலத்தன்மை கொண்டது, அம்மோனியாவின் சுண்ணாம்பு ஓடு கரைந்துபோகும். அது இல்லை என்பதற்காக மேல்மட்டம் என்று முடிவு கட்டாதீர்கள். ஓடு கரைந்த பின் மிஞ்சும் பழுப்பு நிற உள்தோலைத் தேடுங்கள்.

தேதிக்கு வேர் வேண்டவே வேண்டாம். இன்றைய கண்டல் வேர் பழைய சேற்றுக்குள் இறங்கியிருக்கும், தேதி இளையதாக வரும். படுத்த நிலையில் கிடக்கும் இலைத்துண்டு, விதை ஆகியவற்றைப் பொறுக்குங்கள். ஏஎம்எஸ் முறை ரேடியோகார்பன் அளவீட்டுக்கு 1 மில்லிகிராம் கார்பன் போதும்.

மும்பையிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1880இல் திறந்த பிரின்ஸஸ் டாக்கைத் தோண்டியபோது கடற்சேற்றுக்கு அடியில் கைர் மரங்கள் (நம்மூர் கருங்காலி) வேரோடு நின்ற நிலையில் கிடைத்தன. அந்த மரம் உப்புநீரில் வளராது. ஆகவே அது வளர்ந்தபோது கடல் அந்தத் தரைக்குக் கீழே இருந்தது. எவ்வளவு கீழே என்று மரம் சொல்லாது, அது ஒரு மேல்வரம்பு மட்டுமே. நில அமிழ்வு காரணமா கடல் ஏற்றம் காரணமா என்பதையும் மரம் தனியாகச் சொல்லாது.

மாஹிம்_மாணவி:
ரொம்ப நன்றி. 4.5ஐ அப்படியே எழுதியிருந்தால் முழுத் திட்டமும் போயிருக்கும். ஒரே சந்தேகம்: 60 செ.மீ. தடிப்புள்ள பாறையில் மேல் விளிம்பை அளக்கணுமா, அடியையா?

செம்பூர்_மணல்:
இரண்டும் இல்லைம்மா. சீவலுக்கு வெட்டும் இடம், தேதிக்கு ஓடு எடுக்கும் இடம், லெவல் ஸ்டாஃபை வைக்கும் இடம் மூன்றும் ஒரே புள்ளியாக இருக்கணும். மேலிருந்து 15 செ.மீ.க்கு ஒன்று என்று நான்கு புள்ளி எடுங்கள். அளக்கும் முன் பாறை தன் இடத்திலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள்: அடியில் மணல் அரித்துச் சரிந்த பலகையில் அடுக்குகளின் சாய்வு பக்கத்துப் பாறையோடு ஒத்துவராது. அப்படிப்பட்டதை விட்டுவிடுங்கள்.