மறு: சாக்ரிஃபிஷியல் ஆனோடு – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

கடலில் ஓடும் படகுகளின் உள்ளே பொருத்தும் இன்போர்டு எஞ்சின்களுக்கான பராமரிப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூன்றாம் அத்தியாயம் இந்த ஒரு சொல்லால் நிற்கிறது. உங்கள் மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

புதிதாக இழையில் சேர்ந்தவர்களுக்காக: எஞ்சினைக் குளிர்விக்கும் வெப்பப் பரிமாற்றிக்குள் பித்தளை மூடியோடு திருகி வைக்கும் விரல் நீளத் துத்தநாகக் கம்பியைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு. சுழல்தண்டைக் கவ்வும் வளையமாகவும் இது வரும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீரில் செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டபடி நனைந்தால் மின்கலம் ஒன்று உண்டாகி, இரும்பு அரிபடும். துத்தநாகம் கூட இருந்தால் அது முதலில் அரிபட்டு மற்றவற்றைக் காப்பாற்றும். அதனால்தான் ஆங்கிலத்தில் அது 'சாக்ரிஃபிஷியல்', அதாவது தன்னைப் பலிகொடுக்கும், ஆனோடு. பாதி கரைந்ததுமே மாற்றிவிட வேண்டும்.

> ஆனோடுக்குப் பாடநூலில் நேர்மின்வாய் இருக்கிறதே. முன்னால் 'பலி' சேர்த்தால் வேலை முடிந்தது.

ஐயா, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தும் மின்னாற்பகுப்பில் ஆனோடு நேர்முனை, சரி. தானாக மின்சாரம் தரும் கலத்தில் ஆனோடு எதிர்முனை அல்லவா? நம் துத்தநாகம் இந்த இரண்டாம் வகை. மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கும் மாணவர் எதிர்க்குறியைக் காண்பார், கையேடோ 'நேர்' என்று சொல்லும். மூலக் கிரேக்கச் சொல்லுக்கு 'மேல்நோக்கிய வழி' என்றுதான் பொருள். குறியைச் சேர்த்தது நம் மொழிபெயர்ப்பு.

> வாகைத் திணையின் 'அவிப்பலி' இருக்க, வேறு சொல் எதற்கு?

தொல்காப்பியத்தில் 'தொல்லுயிர் வழங்கிய அவிப்பலி' என்று வருவதை மறுபடி எடுத்துப் படித்தேன். சொன்ன சொல்லுக்காக உயிரைக் கொடுக்கும் வீரன். உவமை நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் 'அவிப்பலியை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கவும்' என்று சூடேறும் எஞ்சினுக்குப் பக்கத்தில் எழுதினால், படிப்பவருக்கு அவித்தல்தான் நினைவுக்கு வரும்.

துத்தநாகம் வடசொல், 'நாகம்' போதும் என்ற தம்பிக்கு: நாகமும் வடசொல்லே. அதோடு சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம், ஆயுர்வேதத்தில் ஈயம். இரும்புக்குத் துணையாக ஈயத்தை வைத்தால் காப்பதற்குப் பதில் இரும்பைத்தான் அரிக்கவிடும். தவிர, எல்லா இடத்திலும் துத்தநாகமே வராது. உப்புக் குறைந்த கழிமுக நீரில் அலுமினியமும் நன்னீரில் மக்னீசியமும் பொருந்தும். ஆகவே உலோகத்தின் பெயர் சொல்லுக்குள் வரக் கூடாது.

நான் முன்வைத்தது 'கரைகாப்பு'. கரைந்த, கரைகின்ற, கரையும் என்று முக்காலமும் மறைந்து நிற்கும் அழகான வினைத்தொகை. ஆசிரியை அம்மா ஒரே வரியில் அதைச் சாய்த்துவிட்டார்: படகுக் கையேட்டில் 'கரை' என்றால் கடற்கரைதான், இது கடலோரக் காவல் என்றே படிக்கப்படும். அவர் சொல்வது முழுக்கச் சரி. 'அரிகாப்பு' அரிவாளை நினைவூட்டுகிறது. தேய்பிறை போலத் 'தேய்காப்பு' எனக்கும் பிடித்தது. ஆனால் பேரிங் தேய்வதும் உலோகம் அரிபடுவதும் வேறு வேறு பழுதுகள். மெக்கானிக் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

> வெறும் 'காப்பு' போதாதா?

போதாது. வகுப்பில் ஒருவர் வளையத்தையும் சேர்த்து அழகாகப் பெயின்ட் அடித்துவிட்டார். காப்புத் தகடு என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். அதையும் காக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில் தவறில்லை. பெயின்ட் மூடினால் அது வேலையே செய்யாது. அழிவதுதான் அதன் வேலை என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1824இல் கப்பல்களின் அடிப்பகுதியை மூடிய செம்புத் தகட்டை இப்படித்தான் காத்தார். செம்பு கரைவது நின்றது. கூடவே கடலுயிர்கள் அதில் ஒட்டி வளரத் தொடங்கி, கப்பலின் வேகமும் குறைந்தது. கரையும் செம்புதான் அவற்றை அண்டவிடாமல் வைத்திருந்தது. காப்பு எதிலிருந்து என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது, ஆனால் அதையும் சொல்லுக்குள் ஏற்ற இடமில்லை.

சரி, வினைத்தொகையை விரித்து 'கரையும் காப்பு' என்றே வைத்துக்கொள்கிறேன். காப்புக் கம்பி, காப்பு வளையம் என்று நீட்டவும் வரும். நான்கு பேர் சம்மதித்திருக்கிறீர்கள். இரண்டு சொல் சேர்ந்தது கலைச்சொல் ஆகாது என்று ஐயா இன்னும் மறுக்கிறார். அவர் மறுப்பை முன்னுரையில் பதிவு செய்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'பணிமனைகளில் ஜிங்க் எனப்படுவது' என்றும் சேர்ப்பேன்.

அடுத்த சொல் இதைவிடக் கடினம். பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் வெளியேறி, பொருள் இளஞ்சிவப்பாக, தட்டினால் உடையும் நிலையில் நிற்குமே, அந்தப் பழுதுக்கு என்ன பெயர்? நாளை மாலைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்.