புதுப்பிப்பு: மூன்று சக்கர ஸ்ட்ரோலரே வாங்கிவிட்டோம்

ஏழு மாதப் பெண்ணுக்கு மூன்று சக்கர ஸ்ட்ரோலரா நான்கு சக்கரமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். காற்றடிக்கும் டயர் வைத்த மூன்று சக்கரம்தான் வாங்கினோம். பெசன்ட் நகரில் எங்கள் தெரு நடைபாதையில் ஒரு கல் மேலே, ஒரு கல் கீழே, கடைசியில் ரோட்டில் இறங்கித்தான் தள்ள வேண்டும், அந்த மேடு பள்ளத்திலும் அதிராமல் போகிறது, பாதி வழியிலேயே பாப்பா தூங்கிவிடுகிறாள். முன்சக்கரத்தைத் திரும்பாமல் பூட்டலாம் என்று ஒருவர் சொன்னீர்களே, மிக்க நன்றி, பூட்டாவிட்டால் சின்னக் குழியில்கூடச் சக்கரம் பக்கவாட்டில் திரும்பி நின்றுவிடுகிறது.

சரி, குறை என்றால் கனமும் அகலமும். மடித்தாலும் பின்சக்கரங்களைக் கழற்றினால்தான் எங்கள் கார் டிக்கியில் நுழையும், அதனால் டிக்கியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

நடைபாதை விளிம்பில் கோணலாக இறக்காதீர்கள், முன்னால் ஒரே சக்கரம் என்பதால் சாயப் பார்க்கிறது. பின்சக்கரங்களை நேராக முதலில் இறக்கினால் பயமில்லை. இடுப்பு, தோள், கால் நடுவே என ஐந்து முனை பெல்ட்டை எப்போதும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு பஞ்சர், தெருமுனை சைக்கிள் கடையிலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.