60 மீட்டரில் டிலே டவர்: எத்தனை மில்லிசெகண்ட்?

கேபிள்சுருள்:
திறந்தவெளி கச்சேரி. மெயின் ஸ்பீக்கரிலிருந்து 60 மீட்டரில் டிலே டவர் (பின் வரிசைகளுக்கான, சத்தத்தைத் தாமதித்துக் கொடுக்கும் கூடுதல் ஸ்பீக்கர்). மதியம் சவுண்ட் செக்கில் சரியாக இருக்கிறது, ராத்திரி நடு வரிசையில் பாட்டு இரண்டு தடவை கேட்கிறது. வெப்பநிலை காரணமா?

ஃபேடர்:
முதல்ல கணக்கு. 30 டிகிரியில் ஒலி வினாடிக்கு சுமார் 349 மீட்டர் போகும், அதனால் டவருக்குத் தாமதம் 172 மி.செ. அதோட 10 மி.செ. கூட்டி 182 வைங்க, சத்தம் மேடையிலிருந்தே வர்ற மாதிரி கேட்கும். தூரத்தை லேசர் மீட்டரில், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் அளக்கணும். மேடை விளிம்பிலிருந்து அளக்கிறவங்கதான் அதிகம்!

பேட்ச்பே:
வெப்பம் இல்லைங்க. 34லிருந்து 26க்கு இறங்கினாலும் 2.4 மி.செ.தான் மாறும், அது எதிரொலியா கேட்காது. டவர் ஸ்பீக்கரின் பின்பக்கம், அதாவது மேடைப் பக்கமா, சத்தம் கசியுது. நடுவுல, 30 மீட்டர்ல நிற்கிறவருக்கு மெயின் 86 மி.செ.-ல் வந்துடும், டவர் சத்தம் 182 தாமதத்தோட இன்னொரு 86 சேர்ந்து 268-ல்தான் வரும். கூட்டம் சேர்ந்ததும் டவர் லெவலை யாரோ ஏத்தியிருப்பாங்க, அதான் ராத்திரி மட்டும். லோ (தாழ்ந்த ஒலி) பின்னாடி சுத்தி வரும், அதனால் டவருக்கு 150 ஹெர்ட்ஸ்ல ஹைபாஸ் (அதுக்குக் கீழான ஒலியைக் குறைக்கிற ஃபில்டர்) போடுங்க. லெவலை டவருக்குப் பின்னால நடந்து பார்த்து வைங்க, டவருக்கு நேர் கீழே நின்னு இல்ல.

கேபிள்சுருள்:
டவருக்கு சிக்னல் வயர்லெஸ்ஸில் போகிறது. அதுவும் சேருமா?

பேட்ச்பே:
டிஜிட்டல்னா சில மி.செ. சேரும். 182-லிருந்து அதைக் கழிச்சு வைங்க. கேபிள் இழுக்க முடிஞ்சா அதுவே மேல்.