பைரவ் ராகத்தில் ரிஷப ஆந்தோலன்: உதவி வேண்டும்

வணக்கம். ஹிந்துஸ்தானி இசையில் பைரவ் ராகம் பாடுபவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். ஸ்வரங்கள் நம்ம கர்நாடக ராகம் மாயாமாளவகௌளையேதான். சிக்கல் கோமள ரிஷபத்தில் (தாழ்ந்த ரி). 'க ம ரி' என்று மத்தியமத்திலிருந்து மீண்ட் போட்டு (இடைவெளி விடாமல் வழுக்கி) இறங்கி, ரி-யில் நின்று, காந்தாரத்தின் பக்கமாக மெல்ல அசைந்து (இதுதான் ஆந்தோலன்), பிறகு ஸ-வில் அமர வேண்டும். விலம்பித்தில் (மெதுவான காலத்தில்) முதல் இரண்டு அசைவு சரியாக வருகிறது. மூச்சு குறையக் குறைய அசைவு வேகமாகி, கர்நாடகக் கம்பிதம் (ஸ்வரத்தை அசைக்கும் கமகம்) போல ஆகிவிடுகிறது. அசைக்காமல் நேராக நின்றாலோ அதே ஸ்வரங்கள் கொண்ட காலிங்கடா ராகத்தின் சாயல் தட்டுகிறது. தைவதத்தில் இந்தத் தொல்லையே இல்லை, பக்கத்திலேயே பஞ்சமம் இருந்து தாங்கிக்கொள்கிறது.

ஒரு மூச்சில் எத்தனை அசைவு போதும்? தம்புரா ப-ஸ-ஸ-ஸ சுருதியில் ஓட, அகாரத்தில் ('ஆ' என்று பாடி) ரி-யை மட்டும் தனியாகச் சாதகம் செய்ய நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குரல் பதிவாக அனுப்பினால் இன்னும் நல்லது.