மலையிலேர்ந்து தீவுக்கு: வீட்டுப் பெரியவங்களோட ஹேவ்லாக் ரிசார்ட் போன அனுபவம்

கோத்தகிரியிலேர்ந்து எழுதறேங்க. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இருந்து குடும்பத்தோட அந்தமான் போகலாமானு யோசிக்கறவங்களுக்கு உதவும்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன், உங்க அனுபவத்தையும் கீழ சொல்லுங்க.

நமக்கெல்லாம் லீவுங்கறது மே மாசம் கிடையாது. ஊரே இங்க ஏறி வர்ற நேரத்துல நாம எங்க போறது, ஹோம்ஸ்டே வச்சிருக்கறவங்க டாக்சி ஓட்டறவங்க யாரும் அசைய முடியாது. எங்களுக்கு தோதான நேரம் ஜனவரிதான், உறைபனி விழுந்து தேயிலை வரத்து கம்மியா இருக்கும், பொங்கல் லீவும் சேர்ந்து வரும். நல்ல வேளையா அந்தமானுக்கும் நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான் நல்ல சீசன். மே கடைசிக்கு மேல மழையும் காத்தும் வந்துட்டா கடல் கொந்தளிப்பா இருக்கும், போட்டும் கேன்சல் ஆகும்.

நாங்க போனது வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, மாமியார். அத்தைக்கு எழுபது தாண்டிருச்சு, முட்டி வலி உண்டு, "நான் எதுக்கு அம்மணி, தோட்டத்தப் பாத்துட்டு இருக்கேன்"னுதான் சொன்னாங்க. விடல. மேட்டுப்பாளையத்துல நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி காலைல சென்னை, அன்னிக்கு அங்கயே தங்கிட்டு மறுநாள் காலை ஃபிளைட். சென்னையிலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு. போர்ட் பிளேர் பேரு 2024லேர்ந்து ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக் தீவு 2018லயே ஸ்வராஜ் த்வீப் ஆயிருச்சு, ஆனா அங்க இருக்கறவங்களே இன்னும் பழைய பேர்தான் சொல்றாங்க, நானும் அப்படியே எழுதறேன்.

முக்கியமா சொல்ல வேண்டியது ரிசார்ட் புக் பண்றப்ப எந்தக் கரைனு பாருங்க. ஹேவ்லாக்ல ரிசார்ட் நிறைய இருக்கறது கோவிந்த் நகர், விஜய் நகர் பக்கம், அது கிழக்குக் கரை. போட்டோல காட்டேஜ் வாசல்லயே நீலமா கடல் இருக்கும், அது பொய் இல்ல, ஆனா அது தண்ணி ஏறியிருக்கற நேரத்துப் படம். நாங்க போய் இறங்கினப்ப தென்னை மரத்தடி வரைக்கும் அலை அடிச்சுட்டு இருந்துச்சு, சாப்ட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு பாத்தா கடலைக் காணோம், வெறும் பாறையும் சேறும் பவளத் திட்டுமா எங்கயோ தூரத்துல ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரியுது. பசங்க மூஞ்சி சுருங்கிப் போச்சு. அத்தைக்குப் பயமே வந்துருச்சு, சுனாமிக்கு முன்னாடி கடல் உள்வாங்கும்னு டிவில பாத்தது மனசுல இருக்குமில்ல.

தோட்ட வேலை செய்யற ஒரு அண்ணன், தமிழ்க்காரர்தான், அத்தை கைய கும்பிட்ட மாதிரி வச்சுட்டு நிக்கறதப் பாத்துட்டு வந்தாரு. "பயப்படாதீங்கம்மா, இது தினமும் நடக்கறதுதான், ஆறு மணி நேரம் ஏறும் ஆறு மணி நேரம் வத்தும், நாளைக்கு இதே மாதிரி வத்தறதுக்கு இன்னும் அம்பது நிமிஷம் லேட்டாகும்"னாரு. அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏத்தமும் ஜாஸ்தி வத்தறதும் ஜாஸ்தி, அப்ப ரெண்டு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். கரை சரிவு கம்மியா இருக்கறதால அந்த ரெண்டு மீட்டருக்கே கடல் அவ்ளோ தூரம் போயிருது. அத்தை உடனே விரல் விட்டு எண்ணி அமாவாசை முடிஞ்சு எத்தனையாவது நாள்னு சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் தினமும் காலைல தண்ணி எப்ப வத்தும்னு எங்களுக்குச் சொன்னது அவங்கதான். ரிசார்ட் ரிசப்ஷன்ல டைட் டேபிள் ஒட்டியிருந்தாங்க, அதையும் அத்தை சொன்னதையும் ஒப்பிட்டுப் பாக்கறதுதான் பசங்களுக்கு விளையாட்டு.

அந்த வத்தின நேரம்தான் எங்க ட்ரிப்லயே நல்ல நேரம். முட்டி வலிக்காரங்களுக்கு அலைல நிக்க முடியாது, ஆனா வத்தின கரைல கணுக்கால் தண்ணில ஒரு கையப் புடிச்சுட்டு நடக்கலாம். ஒரு குழில தண்ணி தேங்கி நின்னுச்சு, ஒரு சின்ன சங்கு தானா நகருது, அத்தை குனிஞ்சு பாத்தா உள்ள நண்டு. பக்கத்துலயே கொஞ்சம் பெரிய காலிச் சங்கு ஒண்ணு கெடந்துச்சு. அந்த நண்டு அதுகிட்ட போயி முன்னங்காலால வாய்ப்பக்கம் தடவித் தடவிப் பாத்துச்சு, உள்ள கால விட்டுப் பாத்துச்சு, சட்டுனு பழைய சங்க விட்டு மெத்துனு வெளிய வந்து புதுசுக்குள்ள பின்பக்கமா நுழைஞ்சுகிச்சு, கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. "வீடு மாத்திருச்சு பாருங்கடா"னு அத்தை பசங்களக் கூப்பிட்ட குரல் இன்னும் காதுல இருக்கு. சின்னவன் அந்தப் பழைய சங்க எடுத்துக்கறேன்னான், அவங்களே வேண்டாம்னு தடுத்துட்டாங்க, இன்னொண்ணு வந்து தேடும்னு. அங்க சட்டமும் அதுதான், கரைல கெடக்கற செத்த பவளத் துண்டு கூட எடுக்கக் கூடாது, ஏர்போர்ட் ஸ்கேன்ல புடிச்சுருவாங்க, பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கு.

குளிக்கறதுக்கு ராதாநகர் பீச் போயிருங்க. மேற்குக் கரை, ஜெட்டிலேர்ந்து பன்னண்டு கிலோமீட்டர் இருக்கும், மணல் அவ்ளோ மெத்துனு, லைஃப்கார்டு இருக்காங்க. பீச்சோட ஒரு ஓரத்துல நீல்ஸ் கோவ்னு அமைதியா குளம் மாதிரி தெரியற இடம் ஒண்ணு இருக்கு, குழந்தைங்களுக்கு இதான் சேஃப்னு தோணும், ஆனா முதலை எச்சரிக்கை இருக்கற இடம், அந்தப் பக்கம் போகவே போகாதீங்க. இன்னொண்ணு, சூரியன் சீக்கிரம் அடங்கிரும். நம்ம ஊரை விட கிழக்க இருக்கு ஆனா கடிகாரம் ஒண்ணுதான், அதனால ஜனவரில அஞ்சரைக்கெல்லாம் இருட்ட ஆரம்பிச்சுரும், ஒரு மணி நேரத்த முன்னாடி தள்ளி எல்லாத்தையும் பிளான் பண்ணுங்க.

மணல் ஈ கடிக்கும். கண்ணுக்கே தெரியாது, மறுநாள் காலெல்லாம் சிவப்பா தடிச்சு அரிக்கும். ஈர மணல்ல நேரா உக்காராதீங்க, கால்ல தேங்காய் எண்ணெய் தடவிக்கச் சொன்னாங்க, எங்களுக்குக் கேட்டுச்சு. சாப்பாடு கவலையே இல்ல, சூரை மீன் குழம்பு கிடைச்சுது, கிச்சன்ல கேட்டா ரசமும் வச்சுக் குடுத்தாங்க.

பெரியவங்களால முடியாதுனு நாமளே முடிவு பண்ணிராதீங்க. ரிசார்ட்டுங்கறதே அவங்களுக்குத்தான் சரியா அமையுது, மலை ஏற வேண்டியதில்ல, கோயில் க்யூ இல்ல, வாசல்ல நாற்காலி போட்டா கடல் அவங்ககிட்ட வரும்.

— — —

குன்னூர்லேர்ந்து:

அக்கா அருமையா எழுதிருக்கீங்க. ஆனா பெரியவங்கள கூட்டிட்டுப் போறதுல நான் கொஞ்சம் மாத்தி சொல்வேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அப்பாவுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு. ஹேவ்லாக்ல இருக்கறது சின்ன அரசு ஆஸ்பத்திரி, பெருசா எதாச்சும்னா போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும், நடுவுல கடல். அதனால நாங்க அப்பா அம்மாவ போர்ட் பிளேர்லயே தங்க வச்சு செல்லுலார் ஜெயில், ராஸ் தீவெல்லாம் காட்டிட்டு, நாங்க மட்டும் ஹேவ்லாக் போயிட்டு வந்தோம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

போட் பத்தி ஒரு விஷயம். எங்க பொண்ணுக்கு கல்லட்டி இறக்கத்துல 36 ஹேர்பின்லயும் ஒண்ணும் ஆகாது, அந்த தைரியத்துல ஏறினா பிரைவேட் போட்ல அரை மணி நேரத்துலயே வாந்தி. மூடின ஏசி கேபின், வெளிய பாக்க முடியாது, போட் எந்தப் பக்கம் சாயுதுனு கண்ணுக்குத் தெரியாம உடம்பு மட்டும் ஆடறதுதான் பிரச்சனையே. திரும்பி வர்றப்ப கவர்மென்ட் ஃபெர்ரி எடுத்தோம், நேரம் கூட ஆகும், ஆனா டெக்ல நின்னு தொடுவானத்தப் பாத்துட்டே வரலாம், பிள்ளை பாட்டுப் பாடிட்டு வந்தா. மாத்திரை போடறதுனா ஏறறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடியே போடணும், குமட்டல் வந்தப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல.

அப்பறம் ஹேவ்லாக்லேர்ந்து வந்த அன்னிக்கே ஃபிளைட் போடாதீங்க. 2016 டிசம்பர்ல புயல் சின்னத்துல ஹேவ்லாக்லயும் நீல் தீவுலயும் ஆயிரத்துக்கும் மேல டூரிஸ்ட் மாட்டி, நேவியும் கோஸ்ட் கார்டும் போய் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு நாள் சும்மா இருந்தாலும் பரவால்ல.

— — —

கொடைக்கானல்லேர்ந்து:

நம்மள மாதிரி மலைல இருக்கறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு சொல்றேன், இத எந்த டிராவல்ஸ்லயும் சொல்ல மாட்டாங்க. ஸ்கூபா டைவ் பண்ணா அன்னிக்கே மலை ஏறக் கூடாது.

என் பையன் பாண்டிச்சேரில டைவ் பண்ணான். சொல்லிக் குடுத்தவர் ஃபார்ம் வாங்கறப்ப ஃபிளைட் எப்பனு கேட்டாரு. ஃபிளைட் இல்ல சார் கார்தான்னோம். சரின்னுட்டு போனவர் ரெண்டு அடி வச்சுட்டு திரும்பி "கார்ல எங்க போறீங்க?"னாரு. கொடைக்கானல்னதும் பேனாவ கீழ வச்சுட்டு எதிர்ல உக்காந்துட்டாரு. தண்ணிக்கு அடில அழுத்தத்துல மூச்சு விடறப்ப நைட்ரஜன் ரத்தத்துல ஜாஸ்தியா கரையுதாம், மேல வந்தப்புறம் அது மெதுவா வெளிய போகணும், அதுக்குள்ள உயரமான இடத்துக்குப் போனா அழுத்தம் குறைஞ்சு சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழியா கிளம்பிரும், மூட்டு வலிலேர்ந்து பக்கவாதம் வரைக்கும் கொண்டு போய் விடலாம். அதனாலதான் டைவ் பண்ணிட்டு ஃபிளைட் ஏறக் கூடாதுங்கறாங்க, ஒரு டைவ்னா 12 மணி நேரம், நிறைய டைவ்னா 18 மணி நேரம் கேப் விடணும். ஃபிளைட்டுக்குள்ள இருக்கற காத்தழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்துல இருக்கற மாதிரிதான். நம்ம கொடை 2,133, ஊட்டி 2,240. அதாவது வீட்டுக்குப் போறதே ஃபிளைட் ஏறற மாதிரிதான் நமக்கு.

அன்னிக்கு ராத்திரி வத்தலகுண்டுல ரூம் போட்டுத் தங்கி மறுநாள்தான் மேல ஏறினோம். அந்த மனுஷன் திரும்பி வந்து கேக்காம போயிருந்தா நேரா காட் ரோடு ஏறிருப்போம். உங்க பசங்க எங்க டைவ் பண்ணாலும் வீடு எத்தனை மீட்டர்ல இருக்குனு நீங்களே முந்திட்டு சொல்லுங்க.

— — —

ஊட்டிலேர்ந்து:

அவ்ளோ செலவு முடியாதவங்க ராமேஸ்வரம் போங்க, அதுவும் தீவுதான். எங்க குழந்தைங்களுக்கு 2025ல திறந்த புது பாம்பன் பாலத்துல ரயில்ல போனதே பெரிய சந்தோஷம். அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கு. ஆனா தனுஷ்கோடில கடல்ல இறங்காதீங்க, இழுப்பு ஜாஸ்தி. குளிக்கறதுனா பாலம் வர்றதுக்கு முன்னாடியே அரியமான் பீச்.

— — —

கூடலூர்லேர்ந்து:

எல்லாரும் கடலப் பத்தி சொல்லிட்டீங்க, நான் ஒரு ஆளப் பத்தி சொல்றேன். எங்க குடும்பம் டேன்டீ குடும்பம், அரசாங்கத் தேயிலைத் தோட்டக் கழகம். 1964 இந்தியா-சிலோன் ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன் தோட்டத்துலேர்ந்து தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் கேம்ப்ல இருந்து இங்க வந்தவங்க. எங்க அம்மாச்சி பதினாறு வயசுல அந்தக் கப்பல்ல வந்ததுதான், அதுக்கப்புறம் கடல் பக்கமே போனதில்ல. போன வருஷம் நாங்க எல்லாரும் சேர்ந்து ஹேவ்லாக் கூட்டிட்டுப் போனோம்.

ரிசார்ட்ல காலைல டிபன் சாப்டறப்ப அம்மாச்சி என் தங்கச்சிகிட்ட ஏதோ கொழுந்து எடுத்த கதை சொல்லிட்டு இருந்துச்சு. பாத்திரம் எடுக்க வந்த ஒரு அம்மா, அம்பது அம்பத்தஞ்சு இருக்கும், அப்படியே நின்னுட்டாங்க. கொஞ்ச நேரம் கேட்டுட்டு "ஆத்தா நீங்க எந்தத் தோட்டம்?"னாங்க. எங்க ஆளுங்க மட்டும்தான் அப்படிக் கேப்பாங்க, ஊரு எதுனு கேக்க மாட்டாங்க. அம்மாச்சி தோட்டத்துப் பேரோட டிவிஷன், லயம் (குடியிருந்த லைன் வீடு) வரைக்கும் சொல்ல, அந்தம்மா தட்டக் கீழ வச்சுட்டுப் பக்கத்துல உக்காந்துட்டாங்க. அவங்க அப்பா அம்மாவும் சிலோன் மலையகம்தான், 1970கள்ல அரசாங்கம் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பின குடும்பங்கள்ல ஒண்ணு. கச்சால் நிக்கோபார்ல இருக்கு, டூரிஸ்ட்டெல்லாம் போக முடியாது. 2004 சுனாமில அந்தத் தீவுக்குப் பெரிய அழிவு, அவங்க வீட்லயும் ஆள் போயிருச்சு, அதுக்கப்புறம்தான் போர்ட் பிளேர் வந்து இப்ப இங்க வேலைல இருக்காங்க.

அம்மாச்சி அவங்க கையப் புடிச்சுட்டு விடவே இல்ல. பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவோம், கங்காணி எப்படிக் கத்துவாருனு ரெண்டு பேரும் பேசினதுல பாதி எங்களுக்கே புரியல, அந்தம்மாவும் அதெல்லாம் அவங்க அம்மா சொல்லிக் கேட்டதுதான். அன்னிக்கு எலிஃபண்ட் பீச்சுக்கு போட் புக் பண்ணியிருந்தோம், அம்மாச்சி வரமாட்டேன்னுருச்சு. நாங்க ஸ்நார்க்லிங் முடிச்சு வந்தப்பவும் வேலை முடிஞ்ச அந்தம்மாவோட வராந்தால உக்காந்து பேசிட்டுதான் இருந்துச்சு.

மண்டபம் கேம்ப்ல அம்மாச்சியோட சித்தப்பா குடும்பம் தனியா பிரிஞ்சு போச்சு, அந்தமான் பக்கம் அனுப்பினதா கேள்வி. அந்தம்மா கச்சால்ல இருந்த பழைய ஆளுங்ககிட்ட விசாரிச்சுச் சொல்றேன்னு எங்க நம்பர வாங்கிட்டாங்க. இங்க படிக்கறவங்கள்ல கச்சால் இல்ல போர்ட் பிளேர்ல மலையகச் சொந்தம் இருக்கறவங்க யாராச்சும் இருந்தா தயவு செஞ்சு கீழ சொல்லுங்க. தோட்டத்துப் பேரு மட்டும் போட்டாலே போதும், அம்மாச்சி கண்டுபுடிச்சுரும்.