ஸ்னூஸ், மூக்குப்பொடி, மெல்லும் இலை: ஒரே டப்பாவில் வைக்கலாமா?

பொடிமட்டை கேட்டது:

கையிருப்பில் மூன்று இருக்கின்றன: பை வகை ஸ்னூஸ் (உதட்டுக்கு அடியில் வைக்கும் ஈரப் புகையிலை, 24 கிராம் டப்பாக்கள்), மெந்தால் கலந்த உலர் மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை இலை. மூன்றையும் ஒரு பெரிய காற்றுப்புகா டப்பாவில், 62 சதவீத ஈரப்பதப் பாக்கெட் ஒன்றோடு, ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. ஸ்னூஸ் பைகள் விறைத்துவிட்டன. பொடி கட்டி தட்டிவிட்டது. இலை மட்டும் பதமாக இருக்கிறது, ஆனால் அதிலும் மெந்தால் வாடை ஏறிவிட்டது. பாக்கெட் பழுதா, வைத்த முறை தப்பா? விறைத்த ஸ்னூஸை மீட்க வழி உண்டா?

---

ஈரமானி பதில்:

பாக்கெட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. இந்த வகைப் பாக்கெட் ஈரத்தைக் கொடுக்கவும் செய்யும், உறிஞ்சவும் செய்யும். அதில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு டப்பாவுக்குள் இருக்கும் காற்றைக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. ஸ்னூஸில் ஏறக்குறைய பாதி எடை நீர். அதைச் சுற்றியுள்ள காற்று 80 சதவீதத்துக்கு மேல் ஈரமாக இருந்தால்தான் அந்த நீர் உள்ளேயே நிற்கும். 62-ல் வைத்தால் ஸ்னூஸ் காயாமல் வேறென்ன ஆகும்? பொடியில் நடந்தது நேர்மாறு. அதில் இருக்கும் நீர் நூற்றுக்குப் பத்துகூட இராது. ஸ்னூஸ் விட்ட ஈரத்தை அது வாங்கிக்கொண்டது. 62 என்பது இலைக்கு ஏற்ற அளவு, அதனால் இலை பிழைத்தது.

ஆகவே முதல் வேலை, மூன்றையும் பிரியுங்கள்.

ஸ்னூஸ்: பாக்கெட்டே வேண்டாம். பிரிக்காத டப்பாவை ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, அதை இன்னொரு ஜிப் பைக்குள் போடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவின் மூடி அழுத்திப் பொருத்துவது மட்டும்தான், காற்றை முழுக்கத் தடுக்காது. ஃபிரிட்ஜில் 4 முதல் 8 டிகிரி போதும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடேறுவது அங்கேதான். மாதக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் மைனஸ் 18 டிகிரி ஃபிரீசர். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. பையோடு ஒரு நாள் ஃபிரிட்ஜில் இறக்கி வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். குளிர்ந்த டப்பாவை உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே முத்து முத்தாகப் படியும், மேல் வரிசைப் பைகள் நனைந்து பிசுபிசுக்கும்.

இனி மீட்பு. வாங்கிய அன்றே டப்பாவை மூடியோடு தராசில் வைத்து, வந்த எடையை அடியில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். 36.0 கிராம் இருந்தது இப்போது 33.6 என்றால், போனது பெரும்பாலும் நீர்: 2.4 கிராம், அதாவது 2.4 மில்லி. எழுதி வைக்கவில்லை என்றால் பிரிக்காத அதே வகை டப்பா ஒன்றை நிறுத்து ஒப்பிடுங்கள். உள்ளே பைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால் ஒப்பீடு சரிவராது. அந்த அளவு கொதித்து ஆறிய நீரைப் பஞ்சில் ஊற்றி, ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிச் சீசாவில் ஒரு மூலையில் வையுங்கள். ஸ்னூஸ் டப்பாவை மூடி திறந்தபடி பக்கத்தில் வைத்து, சீசாவை மூடி இரண்டு நாள் ஃபிரிட்ஜில் விடுங்கள். பஞ்சு டப்பாவில் படக்கூடாது. பை வகைமேல் நீரை நேராகச் சொட்டினால் சொட்டிய இடம் மட்டும் ஊறிப்போகும், பழுப்புக் கறை இறங்கும், உள்ளே கல்லாகவே இருக்கும். பையில்லாமல் தூளாக வரும் ஸ்னூஸுக்குத் தெளிப்பான் சரி: மொத்த நீரை மூன்று தவணையாகத் தெளித்து, ஒவ்வொரு தடவையும் கிளறி அரை மணி விடுங்கள். இப்படிச் செய்தால் பதம் திரும்பும். பறந்துபோன மணமும் காரமும் திரும்பா.

---

சல்லடை பதில்:

பொடி பற்றி மட்டும். ஃபிரிட்ஜ் அதற்கு ஆகவே ஆகாது. இவ்வளவு நைசான தூள் எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். குளிரிலிருந்து எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஈரத்தையும் குடிக்கும். 25 டிகிரிக்குள் இருக்கும் இருட்டு அலமாரி போதும். 10 கிராம் பிடிக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் கழுத்து வரை நிரப்புங்கள், மேலே காற்றுக்கு இடம் விடாதீர்கள். ஒன்று புழக்கத்தில், மற்றவை மூடியைச் சுற்றி நாடா ஒட்டி உள்ளே.

மெந்தால் உருகாமலே ஆவியாகும். மெல்லிய பாலித்தீனைத் தாண்டிப் போகும், உங்கள் இலையில் ஏறியது அதுதான். மூடியின் உட்புறம் ஊசி ஊசியாகப் பளபளவென்று ஏதாவது ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் மெந்தால்தான். சுரண்டிப் பொடியோடு சேர்த்துவிடலாம்.

கட்டி தட்டியதை வெள்ளைத்தாளில் பரப்பி நிழலில் 20 நிமிடம் ஆறவிட்டு, மெல்லிய சல்லடையில் தேய்த்து இறக்குங்கள். வெயிலும் மைக்ரோவேவும் வேண்டாம், மணம் முதலில் போய்விடும். சிலிக்கா ஜெல்லும் வேண்டாம். மிஞ்சிக் காய்ந்த பொடி மூக்கில் நிற்காமல் தொண்டைக்குப் பறக்கும்.

---

பொடிமட்டை:

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். பழைய ஸ்னூஸ் டப்பா ஒன்றில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன, பூசணமா? இலையின் ஈரம் குறையாமல் இருக்க ஆப்பிள் தோல் போடச் சொல்கிறார்களே, போடலாமா?

---

ஈரமானி பதில்:

ஆப்பிள் தோல், உருளைக்கிழங்குத் துண்டு, ரொட்டி எதுவும் கூடாது. அவற்றோடு பூசண வித்துகளையும் சேர்த்தே உள்ளே வைக்கிறீர்கள். இலைக்கு உங்களிடம் இருக்கும் அதே 62 பாக்கெட் போதும். சீசாவுக்குள் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் பிடிக்க வாய்ப்பு உண்டு. வெல்லப்பாகு சேர்த்த இலையாக இருந்தால் இன்னும் கவனம் தேவை, புளித்த வாடை வந்தால் அதோடு முடிந்தது. பதம் பார்க்க இலையை மடித்துப் பாருங்கள்: ஒடியாமல் மடிந்து மெதுவாக விரிந்தால் சரி, ஈரத்துணி போல ஒட்டினால் அதிகம்.

காற்றின் ஈரப்பதம் காட்டும் ஈரமானிக் கருவி வைத்திருந்தால் முதலில் அதைச் சோதியுங்கள். சீசா மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு நீர் விட்டு, ஈரமானியோடு பெரிய சீசாவில் 12 மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள்.

வெள்ளைப் புள்ளிக்கு: ஊசி முனையில் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு நீரில் விடுங்கள். மினுங்கி, கரைந்து போனால் உப்பு. ஸ்னூஸ் காயும்போது உப்பு வெளியே பூப்பது சாதாரணம். கரையாமல் பஞ்சு போல மிதந்தால், அல்லது மக்கிய வாடை அடித்தால் பூசணம். அந்த டப்பாவை முழுதாக எறியுங்கள், ஓரத்தை மட்டும் கிள்ளிப்போடுவதில் பயனில்லை. கண்ணைச் சுடும் அமோனியா வாடை வேறு. அது காரத்தன்மையால் வருவது, பத்து நிமிடம் திறந்து வைத்தால் அடங்கும்.

---

இலைக்கட்டு பதில்:

யாரும் வண்டைப் பற்றிச் சொல்லவில்லை. காய்ந்த இலையில் குண்டூசி முனையளவு துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் புகையிலை வண்டு வந்துவிட்டது. 2, 3 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். மெல்லிய பிளாஸ்டிக்கைத் துளைத்து அடுத்த பொட்டலத்துக்கும் போகும். எல்லா இலையையும் பையில் மூடி மைனஸ் 18-ல் ஒரு வாரம் வைத்தால் முட்டை உட்பட சாகும். உறைந்திருக்கும்போது தொடாதீர்கள், இலை நொறுங்கும். தகர டப்பா உலர் சரக்குக்கு மட்டும்தான். ஈரச் சரக்கின் உப்பு அதைத் துருப்பிடிக்க வைக்கும்.

---

வெள்ளைத்தாள் பதில்:

இரண்டு விஷயம், இரண்டும் முக்கியம்.

பாஸ்டரைஸ் செய்யாமல் புளிக்கவைத்துத் தயாரிக்கும் ஈரப் பொடியில் நுண்ணுயிர் உயிரோடு இருக்கும். வெப்பத்தில் கிடந்தால் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும், அதிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமீன்கள் கூடிக்கொண்டே போகும். குளிரில் வைத்தால் இது வெகுவாக அடங்கும். எல்லாம் சரியாக வைத்தாலும் புகையிலை புகையிலைதான். புகையற்ற வகைகள் எல்லாமே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை (IARC) வகுத்த புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில், இருக்கின்றன.

அடுத்தது குழந்தைகள். ஃபிரிட்ஜில் புதினா மணத்தோடு வட்ட டப்பா இருந்தால் மிட்டாய் என்றுதான் எடுப்பார்கள். பூட்டக்கூடிய சின்னப் பெட்டிக்குள் போட்டு, 'புகையிலை' என்று பெரிதாக எழுதி, மேல் தட்டில் வையுங்கள். பயன்படுத்திய பைகளையும் திறந்த குப்பைக்கூடையில் போடக்கூடாது, அவற்றிலும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும். நாயும் தேடித் தின்னும். குழந்தை ஒன்றை விழுங்கியது தெரிந்தால் வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாந்தி, வியர்வை, முகம் வெளுப்பது வரும்வரை காத்திருக்க வேண்டாம், வாந்தியை நீங்களாக வரவழைக்கவும் வேண்டாம். டப்பாவைக் கையோடு எடுத்துப் போனால் எவ்வளவு நிக்கோட்டின் என்று மருத்துவர் பார்த்துக்கொள்வார்.