பழைய வாஷிங் மெஷின் வாங்கலாமா? நாளைக்குள்ள சொல்லணும் (பெங்களூர்)

புதுசா_வந்தவன்: எல்லாருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து மாத்தலாகி ஒயிட்ஃபீல்டு பக்கம் குடி வந்திருக்கோம். கைக்குழந்தை இருக்கு, துணி சேர்ந்துக்கிட்டே போகுது. ஆன்லைன்ல ஒரு ஃப்ரண்ட் லோடு பார்த்தேன். 6 கிலோ, அஞ்சு வருஷப் பழசாம், 9,000 சொல்றார். இன்னிக்கு ராத்திரியே 1,000 ரூபா முன்பணம் போட்டாத்தான் நிறுத்தி வைப்பாராம், வேற ஆளும் கேக்கறாங்களாம். போடலாமா? எந்த பிராண்டு நல்லது? அவசரம்ங்க.

அல்சூர்_அண்ணாச்சி: தம்பி, மெஷினைக் கண்ணால பார்க்காம ஒத்தப் பைசா அனுப்பாதீங்க. "பணம் திரும்பி வர்றதுக்கு இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க"ன்னு அடுத்து ஒண்ணு வரும். பணம் வாங்கறதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிட்டீங்கன்னா உடனே சைபர் மோசடிக்கான ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க. "ஆர்மில இருக்கேன், போஸ்டிங் வந்துருச்சு, கேட் பாஸுக்குப் பணம்"னு எவனாவது ஆரம்பிச்சா நம்பரை பிளாக் பண்ணிட்டு வேற வேலையைப் பாருங்க.

டாப்லோடு_கட்சி: பழசுல ஃப்ரண்ட் லோடு வேண்டவே வேண்டாம். ஹீட்டர், பேரிங், கதவு ரப்பர், ஷாக் அப்சார்பர்னு கெட்டுப்போக அதுல ஆயிரத்தெட்டு சாமான் இருக்கு. சில மாடல்ல டிரம்மைச் சுத்தித் தண்ணி நிக்கற வெளி டப்பை ரெண்டு பாதியா ஒட்டியே விட்டுருப்பாங்க, பேரிங்கை மட்டும் தனியா மாத்த முடியாது. மொத்த டப்பையும் மாத்தணும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம். 6.5 கிலோ டாப் லோடு எடுங்க.

ஸ்பேனர்_ரெட்டி: ஒட்டுமொத்தமா அப்படிச் சொல்ல முடியாது. பேரிங் போயிருக்கான்னு ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடலாம். பிளக்கைப் பிடுங்கிட்டுக் கதவைத் திறந்து, டிரம்மோட மேல் விளிம்பைப் பிடிச்சுத் தூக்குங்க. டிரம், ரப்பர், வெளி டப்பு எல்லாம் சேர்ந்து ஆடினா அது ஸ்பிரிங், கவலை இல்ல. டிரம் மட்டும் தனியா "லொடக்"னு ஆடினா பேரிங் முடிஞ்சது, இல்ல பின்னாடி இருக்கிற மூணு கை அலுமினியத் தாங்கி அரிச்சுப் போச்சு. அப்புறம் கையால வேகமா ஒரு சுத்து விட்டுக் காதைக் கொடுங்க. கர கரன்னு மண்ணு அரைக்கிற சத்தம் வந்தா வாங்காதீங்க.

முடிஞ்சா பின் தகட்டைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. புல்லிக்குப் (பெல்ட் ஓடற சக்கரம்) பின்னாடி பழுப்பா வழிஞ்ச தடம் இருந்தா, தண்ணியைத் தடுக்கற ஆயில் சீல் ஒழுகுது, தண்ணி பேரிங்குக்குள்ள போக ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். இன்னிக்குச் சத்தம் வராது, ஆனா சீக்கிரமே வரும்.

பெல்லந்தூர்_வாசி: இந்த ஊருக்கு வந்த புதுசுல எல்லாருக்கும் இதே கதைதான். பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துட்டு நின்னா கையில மெஷினுக்கு எங்க காசு இருக்கும்? காலி பண்ணும்போது பெயிண்டிங்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்குவாங்க. மெஷினை வாடகைக்கு விடற கம்பெனிங்க இருக்கே, அதைப் பார்த்தீங்களா?

டாப்லோடு_கட்சி: பெயிண்டிங் கூடப் பரவாயில்ல, டேங்கர் தண்ணி காசுதான் கொடுமை.

ஒயிட்ஃபீல்டு_சேச்சா: அதைச் சொல்லுங்க. ஊரோட சேர்த்த 110 கிராமத்துக்குக் காவேரித் தண்ணித் திட்டம் அஞ்சாம் கட்டம்னு 2024 அக்டோபர்ல திறந்தாங்க. கனெக்‌ஷனுக்கு ஓனர் மனசு வைக்கணுமே! போர்வெல் தண்ணில குழாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கு.

பெல்லந்தூர்_வாசி: எங்க பில்டிங்ல மீட்டர் வெச்சும்…

ஹோஸ்கோட்டை_அக்கா: போதும்ப்பா, அந்தப் பிள்ளை ராத்திரிக்குள்ள பதில் கேட்டிருக்கு. தம்பி, பிராண்டு அப்புறம். முதல்ல இதைச் சொல்லுங்க. எத்தனாவது மாடி? தண்ணித் தொட்டி எங்க இருக்கு? போர்வெல்லா, காவேரியா? மெஷினை எங்க வைக்கப் போறீங்க, அந்தக் கதவு எத்தனை இஞ்ச்? பிளக் பாயின்ட் பெருசா, சின்னதா? தண்ணி வெளியேற வழி தரையிலயா, சுவத்துலயா?

புதுசா_வந்தவன்: நாலாவது மாடிக்கா, அதுதான் கடைசி மாடி. தொட்டி தலைக்கு மேலயே இருக்கு. போர்வெல்லும் டேங்கரும் கலந்து வருது. பாத்ரூம்ல வைக்கணும், கதவு இப்பத்தான் அளந்தேன், 23 இஞ்ச். சின்ன பிளக் பாயின்ட் ஒண்ணு வெளியில இருக்கு. தண்ணி போறது தரையில. பணம் இன்னும் அனுப்பலை.

ஹோஸ்கோட்டை_அக்கா: இதை முதல்லயே சொல்லியிருந்தா இத்தனை பேச்சே வேண்டாம். 6 கிலோ ஃப்ரண்ட் லோடு பெரும்பாலும் 60 செ.மீ. அகலம். 23 இஞ்ச்னா 58 செ.மீ. சொச்சம். ஆழம் கம்மியான மாடலா இருந்தாப் பக்கவாட்டில் திருப்பி நுழைக்கலாம், உள்ள போனப்புறம் கதவு திறக்க எதிர்ல இடம் வேணும். இந்த அளவு டாப் லோடு பெரும்பாலும் 54, 55 செ.மீ.தான், நேரா உள்ள போயிடும்.

அடுத்தது தண்ணி அழுத்தம். நிறைய மெஷினுக்கு 0.3 பார் வேணும், அதாவது குழாய்க்கும் தொட்டித் தண்ணிக்கும் நடுவுல 3 மீட்டர் உயரம். தொட்டி தலைக்கு மேலயே இருக்கிற கடைசி மாடில இது இழுபறிதான். தண்ணியை உள்ள விடற இன்லெட் வால்வுக்குள்ள இருக்கிற ரப்பர் சவ்வு தண்ணி அழுத்தத்தை வெச்சுத்தான் இறுக்கமா மூடும். அழுத்தம் கம்மின்னா தண்ணி மெதுவா வரும், எல்ஜில ஐஈ-ன்னு எர்ரர் காட்டி நிக்கும். சில நேரம் மெஷினை அணைச்சப்புறமும் உள்ள சொட்டிக்கிட்டே இருக்கும். குழாயை முழுசாத் திறந்து 10 லிட்டர் பக்கெட்டைப் பிடிச்சுப் பாருங்க. ரெண்டு நிமிஷத்துக்கு மேல போனா சின்ன பூஸ்டர் பம்பு வைக்கணும், இல்ல பக்கெட்டால ஊத்திக்கலாம்னு செமி ஆட்டோமேட்டிக் எடுக்கணும்.

ஸ்பேனர்_ரெட்டி: பிளக் விஷயமும் இருக்கு. ஃப்ரண்ட் லோடு ஹீட்டர் 2,000 வாட் பக்கம் இழுக்கும், 16 ஆம்ப் பாயின்ட் வேணும். சின்ன பாயின்ட்ல கன்வெர்ட்டர் பிளக் மாட்டி ஓட்டினா பிளக் உருகும். எர்த் இல்லாம ஈரத்தரையில எந்த மெஷினும் வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கான்னு பார்த்துக்குங்க. உங்க வீட்டுக்கு டாப் லோடுதான். கட்சிக்காரர் சொன்ன காரணம் வேற, முடிவு அதேதான்.

டாப்லோடு_கட்சி: 😀

புதுசா_வந்தவன்: சரிங்க, இவரை விட்டுடறேன். கே.ஆர்.புரம் பக்கம் ஒருத்தர் 6.5 கிலோ டாப் லோடு 6,000 சொல்றார். போய் என்ன பார்க்கணும்?

ஸ்பேனர்_ரெட்டி: கழட்டி மூலையில வெச்ச மெஷினா இருந்தா, மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. "தண்ணி இல்ல"ன்னு சொன்னா பக்கெட்ல ஊத்தி ஓட்டலாம். ஓட்டாம வாங்காதீங்க.

வெறுமனே ஸ்பின் போட்டா எல்லா மெஷினும் நல்லாத்தான் சுத்தும். ரெண்டு மூணு குளியல் துண்டை நனைச்சுப் போடுங்க. ஒரே ஒரு துண்டு போட்டா ஒரு பக்கமா ஒதுங்கி, நல்ல மெஷினும் யூஈ-ன்னு எர்ரர் காட்டும். வாஷ் போடும்போது அடித்தட்டு ரெண்டு பக்கமும் மாறி மாறிச் சுத்தணும். ஒரு பக்கம் மட்டும் சுத்தினாலோ, வாஷ் ஓடும்போதே கூடை சேர்ந்து சுத்தினாலோ கிளட்ச் சந்தேகம். ஸ்பின்ல கூடை பாடியில இடிச்சா நாலு மூலை சஸ்பென்ஷன் ராடு தளர்ந்திருக்கு. கூடையை ஒரு மூலையில கீழ அமுக்கி விடுங்க. ஒரு தடவை எழும்பி நின்னா சரி, ஆடிக்கிட்டே இருந்தா ராடு போச்சு. அது சில்லறைச் செலவுதான், விலையில குறைச்சுக் கேளுங்க. கன்ட்ரோல் போர்டு போனாத்தான் செலவு ஆயிரக்கணக்கில. அதனால பட்டன் ஒவ்வொண்ணையும் அமுக்கிப் பாருங்க, மெஷினைச் சாய்ச்சு அடியில எலி கடிச்ச ஒயர் இருக்கான்னும் பாருங்க.

"அஞ்சு வருஷம்"ங்கறதை நம்பாதீங்க. பின்னாடி ஸ்டிக்கரைப் பாருங்க. எல்ஜின்னா சீரியல் நம்பர்ல முதல் எண் வருஷத்தோட கடைசி இலக்கம், அடுத்த ரெண்டு மாசம். 907ன்னு ஆரம்பிச்சா 2019 ஜூலை.

ஒயிட்ஃபீல்டு_சேச்சா: கடைல வாங்கினா மூணு மாச வாரன்டின்னு சொல்வாங்க. போர்டும் மோட்டாரும் அதுல சேர்த்தியா, கூலி யாரோடதுன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க.

ஹோஸ்கோட்டை_அக்கா: தண்ணி போறது தரையிலன்னீங்க. டாப் லோடுல நிறைய மாடல் பம்பு இல்லாம தானா வழிஞ்சு போற மாதிரிதான். ஹோஸ் எங்கயும் மேல ஏறக் கூடாது. பாத்ரூம் வாசப்படி கல்லு மேல ஏத்தி இறக்கினாக்கூடக் கூடையில அழுக்குத் தண்ணி தங்கும். இன்லெட் ஹோஸை மட்டும் புதுசா வாங்கிடுங்க, பழைய வாஷர் கட்டாயம் ஒழுகும்.

போர்வெல் தண்ணில சோப்பு நுரை சரியா வராது, அதுக்காகத் தூளை அள்ளிப் போடாதீங்க. குழந்தை துணில வெள்ளையா படியும், தோல்ல உறுத்தும். அதுக்குப் பதிலா லிக்விட் போட்டு, அலசறதை ஒரு தடவை கூட்டி வைங்க. வெள்ளைப் படிவு போக, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டை வெந்நீர்ல கரைச்சு, துணி போடாம மெஷினை ஓட்டுங்க. அதோட பிளீச் கலக்கவே கூடாது. குழாய்ல இருந்து வர்ற ஹோஸை மெஷின்ல மாட்டற இடத்துல ஒரு சின்ன வலை இருக்கும், அதையும் அன்னிக்கே எடுத்துக் கழுவிடுங்க.

புதுசா_வந்தவன்: பக்கெட் நிரம்ப ஒண்ணே முக்கால் நிமிஷம் ஆச்சுக்கா.

ஹோஸ்கோட்டை_அக்கா: அப்ப பம்பு இப்போதைக்கு வேண்டாம். ஆனா தொட்டி பாதி காலியாகிற சாயங்கால நேரத்துல இன்னொரு தடவை பிடிச்சுப் பாருங்க. நாளைக்குக் கிளம்பும்போது துண்டு, டார்ச், அளவு டேப் எடுத்துக்குங்க. வண்டியில மெஷினைப் படுக்க வைக்க விடாதீங்க, நிமிர்ந்தபடியே வரட்டும்.